கழுத்துக்குள் ஒரு காவலாளி

திங்கட்கிழமை காலை. பள்ளித் திடலில் சபைகூடல். நெகாராகூ பாடி முடித்து, மாநிலப் பாடலும் முடிந்து, பள்ளி முதல்வர் பேசிக்கொண்டிருக்கிறார். எட்டு மணி வெயில் முதுகில் சுடுகிறது. மூன்றாவது வரிசையில் நின்றிருந்த ஒரு மாணவியின் முகம் வெளுத்துப் போகிறது. நெற்றியில் வியர்வை. அடுத்த சில நொடிகளில் அப்படியே சரிந்து விழுகிறார்.

பக்கத்தில் நின்ற தோழிகள் இருவர் ஓடிவந்து கைகளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தப் பார்க்கிறார்கள். தலை தொங்குகிறது. மறுபடியும் சரிகிறார். அங்கு வந்த ஆசிரியர் ஒருவர், "தூக்காதீங்க, படுக்க வைங்க, காலை மட்டும் உயர்த்திப் பிடிங்க" என்கிறார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த மாணவி கண் திறந்து, "என்ன ஆச்சு டீச்சர்?" என்று கேட்கிறார்.

நான் படிப்பித்த ஆண்டுகளில் இந்தக் காட்சியைப் பலமுறை பார்த்துவிட்டேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். "காலையில் சாப்பிடவில்லை போலிருக்கிறது" என்று சொல்லிவிட்டு எல்லாரும் வகுப்புக்குப் போய்விடுவோம். ஆனால் இதில் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த ஒருவர் ஏன் விழுந்தார் என்பதைவிட, மற்ற எண்ணூறு பேரும் ஏன் விழவில்லை என்பதுதான் பெரிய வியப்பு. ஏனென்றால், இரண்டு காலில் நிமிர்ந்து நிற்பது என்பதே நம் உடலுக்கு ஒரு சோதனைதான். அந்தச் சோதனையில் நாம் நாள்தோறும் வெற்றி பெறுவதற்குக் காரணம், நம் கழுத்திலும் நெஞ்சிலும் இருக்கும் சில மிக நுண்ணிய நரம்பு முனைகள். இவற்றை அழுத்த உணரிகள் என்கிறோம். உயிரியல் பாடத்தில் 'பாரோரிசெப்டர்' என்று நீங்கள் படிப்பது இவற்றைத்தான்.

இரண்டு எண்கள் சொல்வது என்ன?

கிளினிக்கில் தாதி கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, "120க்கு 80" என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது தமனியின் சுவர் மீது விழும் அழுத்தம் முதல் எண். இதயம் தளர்ந்து மறுபடி நிரம்பும்போது இருக்கும் அழுத்தம் இரண்டாவது எண். இரண்டும் மில்லிமீட்டர் பாதரசம் என்ற அலகில் சொல்லப்படுகின்றன. அந்த அழுத்தம் ஒரு கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தாங்கிப் பிடிக்கும் என்பதே இதன் பொருள்.

இந்த அழுத்தம் எதனால் உண்டாகிறது? இரண்டு காரணங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, இதயம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு இரத்தத்தை வெளியேற்றுகிறது என்பது. மற்றொன்று, அந்த இரத்தம் போகும் குழாய்கள் எவ்வளவு குறுகியோ அகன்றோ இருக்கின்றன என்பது. தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும் ரப்பர்க் குழாயை எண்ணிப் பாருங்கள். பைப்பை அதிகமாகத் திறந்தாலும் குழாய்க்குள் அழுத்தம் கூடும். குழாயின் வாயை விரலால் அடைத்தாலும் கூடும். உடல் இந்த இரண்டு வழிகளையும் பயன்படுத்துகிறது.

எழுந்து நிற்பது ஏன் கடினம்?

நீங்கள் படுத்திருக்கும்போது தலை, இதயம், கால் எல்லாம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கின்றன. எழுந்து நின்றவுடன் புவியீர்ப்பு தன் வேலையைத் தொடங்கிவிடும். உங்கள் இரத்தத்தில் அரை லிட்டருக்கும் மேல் வயிற்றுப் பகுதியிலும் கால்களிலும் உள்ள சிரைகளுக்கு இறங்கிவிடுகிறது. சிரைகளின் சுவர் மெல்லியது. எளிதில் விரிந்து கொடுக்கும். அதனால் இரத்தம் அங்கேயே தேங்கிக்கொள்கிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் குறைகிறது. வருவது குறைந்தால், வெளியேற்றுவதும் குறையும். அழுத்தம் இறங்கும்.

இது போதாதென்று இன்னொரு கணக்கும் உண்டு. 10 சென்டிமீட்டர் உயரமுள்ள இரத்தம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்குச் சமம். நீங்கள் நிற்கும்போது மூளை இதயத்துக்கு மேலே சுமார் 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்படியென்றால், இதயத்தின் மட்டத்தில் இருக்கும் அழுத்தத்தைவிட மூளையை அடையும் இரத்தத்தின் அழுத்தம் ஏறக்குறைய 24 குறைவு. மாறாக, கால் பாதத்தில் 90 அளவுக்குக் கூடுதலாக இருக்கும். நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு மாலையில் கால் வீங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூளையால் இரத்தம் இல்லாமல் காத்திருக்க முடியாது. இரத்த ஓட்டம் முழுவதும் நின்றால் பத்து நொடிகளுக்குள் நினைவு தப்பிவிடும். ஆகவே அழுத்தம் இறங்கத் தொடங்கியதை உடனே கண்டுபிடித்து உடனே சரிசெய்யும் ஏற்பாடு ஒன்று தேவை. ஹார்மோன் போன்ற மெதுவான வழிகள் இதற்கு உதவாது. நரம்புகளால்தான் முடியும்.

காவலாளிகள் நிற்கும் இடங்கள்

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி மேலே போய், ஒரு குடைக் கம்பின் கைப்பிடியைப் போல வளைந்து கீழே இறங்குகிறது. அந்த வளைவின் சுவரில் ஒரு கூட்டம் உணரிகள் இருக்கின்றன. இன்னொரு கூட்டம் கழுத்தில். கழுத்தின் இரு பக்கமும் தலைக்கு இரத்தம் கொண்டு போகும் கழுத்துத் தமனி, தாடைக்குக் கீழே இரண்டு கிளையாகப் பிரிகிறது. ஒரு கிளை மூளைக்கும், மற்றது முகத்துக்கும் போகிறது. அது பிரியும் இடத்தில் தமனி சற்றே உப்பலாக இருக்கும். அந்த உப்பலின் சுவருக்குள்தான் நரம்பு முனைகள் கிளை கிளையாகப் படர்ந்திருக்கின்றன.

இடத்தைப் பார்த்தீர்களா? ஒன்று இதயத்தின் வெளிவாசல். மற்றொன்று மூளைக்குச் செல்லும் சாலையின் நுழைவாயில். ஒரு வீட்டுக்குக் காவல் போட வேண்டுமென்றால் நாமும் இப்படித்தானே போடுவோம்?

ஒரு முக்கிய எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, "எங்கே இருக்கிறது பார்ப்போம்" என்று கழுத்தை அழுத்திப் பார்க்காதீர்கள். நண்பனின் கழுத்தையும் அழுத்தாதீர்கள். வெளியிலிருந்து அழுத்தினால் உணரிகள் ஏமாந்து போய், இதயத்துடிப்பை மிகவும் குறைத்துவிடலாம். சில வகை வேகத் துடிப்பை நிறுத்த மருத்துவர்கள் இந்த முறையைக் கையாள்வதுண்டு. ஆனால் அது மருத்துவமனையில், கருவிகளின் கண்காணிப்பில் செய்யப்படுவது. வயதானவர்களில் சிலருக்கு இந்த இடம் மிகக் கூச்சமுள்ளதாக இருக்கும். இறுக்கமான சட்டைக் கழுத்துப்பட்டை பட்டாலோ, தலையைச் சட்டென்று திருப்பினாலோ அவர்களுக்கு மயக்கம் வந்துவிடும்.

அழுத்தத்தை எப்படி அறிகின்றன?

பெயர் அழுத்த உணரி. ஆனால் உண்மையில் இவை அழுத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. தமனியின் சுவர் எவ்வளவு இழுபடுகிறது என்பதைத்தான் அளக்கின்றன. பலூனுக்குள் காற்று கூடக் கூட ரப்பர் இழுபடுவதைப் போல, அழுத்தம் கூடும்போது தமனிச் சுவர் விரிகிறது. சுவர் விரிந்தால் அதற்குள் பதிந்திருக்கும் நரம்பு முனையும் இழுபடுகிறது.

இதை ஆய்வாளர்கள் அழகாக நிரூபித்தார்கள். விலங்கின் தமனியைச் சுற்றி விரிய முடியாத கெட்டியான உறை ஒன்றைப் போட்டார்கள். பிறகு உள்ளே அழுத்தத்தைக் கூட்டினார்கள். சுவர் விரிய வழியில்லை. அழுத்தம் கூடியும் உணரிகள் பேசாமல் இருந்தன. இழுபட்டால்தான் அவற்றுக்குத் தெரியும் என்பது இதனால் உறுதியானது.

சரி, இழுபட்டால் மின் சைகை எப்படி உண்டாகிறது? இந்தக் கேள்விக்கான விடை கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. லெபனானில் பிறந்து, இளம் வயதில் அமெரிக்காவுக்குக் குடியேறிய ஆர்டெம் படபூட்டியன் என்ற அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் ஒரு வகை உயிரணுவைத் தேர்ந்தெடுத்தார்கள். அதை மெல்லிய கண்ணாடி ஊசியால் குத்தினால் மின்னோட்டம் உண்டாகும். அதற்குக் காரணமாக இருக்கக்கூடிய 72 மரபணுக்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்து பார்த்தார்கள். ஒன்றை நிறுத்திவிட்டுக் குத்துவார்கள், மின்னோட்டம் வரும். அடுத்ததை நிறுத்துவார்கள், மறுபடியும் வரும். இப்படியே பொறுமையாகத் தொடர்ந்து, கடைசியில் எந்த மரபணுவை நிறுத்தினால் உயிரணு குத்தலை உணராமல் போகிறதோ அதைக் கண்டுபிடித்தார்கள். 2010இல் அந்தக் கண்டுபிடிப்பு வெளியானது. அழுத்தம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை ஒட்டி அதற்குப் 'பியேசோ' என்று பெயர் வைத்தார்கள். பியேசோ1, பியேசோ2 என இரண்டு உண்டு. இந்தப் பணிக்காக 2021இல் அவர் டேவிட் ஜூலியஸ் என்பவருடன் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பியேசோ ஒரு புரதம். உயிரணுவின் சவ்வில் பதிந்திருக்கிறது. மேலிருந்து பார்த்தால், வீட்டுக் கூரையில் சுழலும் மூன்று இறக்கை மின்விசிறியைப் போல இருக்கும். நடுவில் ஒரு நுண்துளை. சாதாரணமாக அதன் இறக்கைகள் வளைந்து, சவ்வைக் கிண்ணம் போலக் குழிய வைத்திருக்கும். சவ்வு இழுபடும்போது இறக்கைகள் தட்டையாகும், நடுத்துளை திறக்கும். வெளியே இருக்கும் சோடியம், கால்சியம் அயனிகள் உள்ளே பாயும். அயனிகள் மின்னேற்றம் உடையவை அல்லவா? அவை நுழைந்ததும் நரம்பு முனையில் மின் சைகை கிளம்பிவிடுகிறது.

2018இல் இன்னொரு ஆய்வு வெளியானது. தமனிகளிலிருந்து சேதி கொண்டு போகும் நரம்பு அணுக்களில் இந்த இரண்டு பியேசோ புரதங்களும் இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அவற்றின் இரத்த அழுத்தம் கட்டுப்பாடில்லாமல் ஏறி இறங்கியது. நம் கழுத்துக் காவலாளியின் கண்ணாக இருப்பது பியேசோதான் என்பதற்கு அது வலுவான சான்று.

சேதி வராததும் ஒரு சேதி

இப்போது மாணவர்கள் அதிகமாகத் தவறு செய்யும் இடத்துக்கு வருகிறோம். "இரத்த அழுத்தம் குறையும்போது அழுத்த உணரிகள் தூண்டப்பட்டு, மூளைக்கு அதிகச் சைகைகளை அனுப்புகின்றன" என்று விடைத்தாளில் எழுதுபவர்கள் பலர். இது தவறு.

உணரிகள் எந்நேரமும் சைகை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் தமனி விரிகிறது. ஒரு கொத்துச் சைகைகள் மூளைக்குப் போகின்றன. அழுத்தம் கூடினால் சைகைகள் கூடும். அழுத்தம் குறைந்தால் சைகைகள் குறையும். இரவுக் காவலாளி மணிக்கு ஒருமுறை "எல்லாம் சரி" என்று போன் செய்து சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். போன் வரவில்லையென்றால் முதலாளி என்ன செய்வார்? உடனே எழுந்து ஓடுவார். மூளையும் அப்படித்தான்.

கழுத்து உணரிகளின் சைகைகள் 9ஆவது மூளை நரம்பு வழியாகவும், பெருந்தமனி வளைவின் சைகைகள் 10ஆவது மூளை நரம்பான வேகஸ் வழியாகவும் செல்கின்றன. இரண்டும் போய்ச் சேரும் இடம் முகுளம். மூளையின் அடிப்பகுதியில், முதுகுத்தண்டு தொடங்கும் இடத்தில் இருக்கும் இதுதான் கட்டுப்பாட்டு மையம். இங்கே நடக்கும் எதற்கும் உங்கள் அனுமதி தேவையில்லை. நீங்கள் தூங்கினாலும் அது வேலை செய்கிறது.

நீங்கள் எழுந்து நிற்கிறீர்கள். அழுத்தம் இறங்குகிறது, தமனிச் சுவர் தளர்கிறது, சைகைகள் குறைகின்றன. முகுளம் உடனே இரண்டு காரியம் செய்கிறது. முதலில், இதயத்தை அடக்கி வைத்திருந்த வேகஸ் நரம்பின் பிடியைத் தளர்த்துகிறது. இதன் பலன் அடுத்த ஓரிரு துடிப்புக்குள்ளேயே தெரியும். இதயம் வேகமாகத் துடிக்கிறது. கூடவே, பரிவு நரம்புகளை முடுக்கிவிடுகிறது. இது சில நொடிகள் எடுக்கும். இதயம் இன்னும் வலுவாகச் சுருங்குகிறது. சிறு தமனிகள் குறுகுகின்றன. சிரைகளும் இறுகி, தேங்கிய இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்புகின்றன. அழுத்தம் மேலே ஏறுகிறது.

ஏறியதும் தமனி மீண்டும் விரிகிறது, சைகைகள் கூடுகின்றன, முகுளம் பிடியை மறுபடி இறுக்குகிறது. மாற்றத்துக்கு எதிர்த்திசையில் வேலை செய்து பழைய நிலைக்குக் கொண்டு வருவதால் இதை எதிர்மறைப் பின்னூட்டம் என்கிறோம். கூரைத் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் மிதவையும் இதே விதிப்படிதான் இயங்குகிறது. தண்ணீர் இறங்கினால் குழாய் திறக்கும். நிரம்பினால் மூடிக்கொள்ளும்.

குதிரை, முயல், மனிதன்

இந்த அறிவு ஒரே நாளில் வந்ததல்ல. இங்கிலாந்தில் பாதிரியாராக இருந்த ஸ்டீபன் ஹேல்ஸ், ஒரு குதிரையின் தமனியில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். இரத்தம் குழாயில் 8 அடிக்கும் மேல் ஏறி நின்றது. இரத்தத்துக்கு அழுத்தம் உண்டு என்பதை அளந்து காட்டிய அந்த ஆய்வை 1733இல் நூலாக வெளியிட்டார்.

1866இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில், கார்ல் லுட்விக்கின் ஆய்வுக்கூடத்தில் எலியாஸ் சியோன் முயல் ஒன்றை ஆராய்ந்தார். இதயப் பகுதியிலிருந்து மூளைக்குப் போகும் ஒரு மெல்லிய நரம்பைத் தூண்டியபோது முயலின் இரத்த அழுத்தம் இறங்கியது, இதயத்துடிப்பும் குறைந்தது. இதயப் பக்கத்திலிருந்து மூளைக்குத் தகவல் போகிறது என்பதற்கு அது ஆரம்ப காலச் சான்று.

கழுத்தை அழுத்தினால் துடிப்பு குறையும் என்பது மருத்துவர்களுக்கு முன்பே தெரியும். ஆனால் அருகில் ஓடும் வேகஸ் நரம்பு நசுங்குவதால்தான் அப்படி ஆகிறது என்று நினைத்திருந்தார்கள். 1920களில் ஜெர்மானிய ஆய்வாளர் ஹைன்ரிக் ஹேரிங் அதை மறுத்தார். நசுங்கும் நரம்பு காரணமல்ல. தமனி உப்பலின் சுவரே காரணம் என்று காட்டினார். எல்லாருடைய கண்முன்னும் இருந்த ஓர் உண்மைக்குத் தவறான காரணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், பாருங்கள். அறிவியலில் இது அடிக்கடி நடக்கும்.

ஓடும்போது காவலாளி தூங்குகிறாரா?

கவனமாகப் படிக்கும் மாணவருக்கு இப்போது ஒரு சந்தேகம் வரும். "டீச்சர், அழுத்தம் கூடினால் இதயத்துடிப்பு குறையும் என்கிறீர்கள். பத்துமலைப் படிக்கட்டு 272ஐயும் ஏறும்போது அழுத்தமும் கூடுகிறது, துடிப்பும் கூடுகிறதே?"

நல்ல கேள்வி. காவலாளி தூங்கவில்லை. உடல் உழைக்கத் தொடங்கும்போது, மூளையே குறியளவை உயர்த்தி வைத்துக்கொள்கிறது. தசைகளுக்கு அதிக இரத்தம் தேவை. ஆகவே "இப்போதைக்கு இந்த உயரமான அளவுதான் சரி" என்று முகுளத்துக்குக் கட்டளை போகிறது. உணரிகள் அந்தப் புதிய அளவைச் சுற்றிக் காவல் காக்கின்றன. படியேறி முடித்து நீங்கள் உட்கார்ந்ததும் குறியளவு பழையபடி இறங்கிவிடும்.

காவலாளி பழகிப்போகும் ஆபத்து

இந்தக் கட்டுரையில் நீங்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டிய பகுதி இதுதான்.

1970களில் நாய்களில் ஓர் ஆய்வு நடந்தது. அழுத்த உணரிகளின் நரம்புகளைத் துண்டித்துவிட்டு, நாள் முழுதும் இரத்த அழுத்தத்தைப் பதிவு செய்தார்கள். எழுந்தால் இறங்கியது, குரைத்தால் ஏறியது. அலைபோல் ஆடிக்கொண்டே இருந்தது. ஆனால் நாள் முழுவதற்குமான சராசரி பெரிதாக மாறவில்லை. இதிலிருந்து என்ன தெரிகிறது? அழுத்த உணரிகளின் வேலை நொடிக்கு நொடி வரும் ஏற்ற இறக்கங்களைத் தணிப்பது. நாள்கணக்கிலும் மாதக்கணக்கிலும் அழுத்தத்தை முடிவு செய்வதில் சிறுநீரகத்தின் பங்கு பெரியது. உடலில் உப்பும் நீரும் எவ்வளவு இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதானே.

இன்னொன்றும் உண்டு. ஒருவருடைய இரத்த அழுத்தம் உயர்ந்து, அப்படியே நீடித்தால், உணரிகள் ஓரிரு நாள்களில் அதற்குப் பழகிவிடுகின்றன. 160 இருந்தால் 160தான் சரி என்று எடுத்துக்கொள்கின்றன. முதல் நாள் சத்தம் போட்ட காவலாளி, மூன்றாம் நாள் கும்பிட்டு உள்ளே விடுகிறார். அதோடு, வயது ஆக ஆகத் தமனிச் சுவர் கெட்டியாகிறது. கெட்டியான சுவர் விரிவதில்லை. விரியாவிட்டால் உணரிக்குத் தெரியாது. உறை போட்ட தமனியை நினைத்துப் பாருங்கள்.

அதனால்தான் உயர் இரத்த அழுத்தம் உள்ள பலருக்கு வலியும் இல்லை, மயக்கமும் இல்லை, எந்த அறிகுறியும் இல்லை. என் மாணவர் ஒருவர், "எங்க அப்பாவுக்குத் தலைவலியே வராது டீச்சர், அவருக்குப் பிரஷர் இருக்காது" என்றார். அளந்து பார்க்காமல் அப்படிச் சொல்ல முடியாது. நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய 10 பேரில் மூவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதைச் சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வுகள் காட்டுகின்றன. அது பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இதயத்தையும் சிறுநீரகத்தையும் மூளையின் இரத்தக் குழாய்களையும் சேதப்படுத்திவிட்டு, ஒரு நாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிவரும்.

நமக்குள் இருக்கும் காவலாளி பேசாதபோது, வெளியே இருக்கும் கருவிதான் பேச வேண்டும். சுகாதார கிளினிக்கில் அளக்கலாம். வீட்டில் கருவி இருந்தால் நீங்களே அளந்து கொடுக்கலாம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசை மீது வைத்து அளக்க வேண்டும். 140க்கு 90 அல்லது அதற்கு மேல் காட்டினால் பதற வேண்டாம். ஒரே அளவை வைத்து முடிவு செய்வதில்லை. வேறு நாள்களிலும் அளந்து, மருத்துவரிடம் காட்ட வேண்டும். உப்பைப் பொறுத்தவரை, ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகச் சாப்பிட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கருவாடு, ஊறுகாய், சோயா சாஸ், இன்ஸ்டன்ட் மீ பாக்கெட்டில் வரும் தூள் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

மருந்து சாப்பிடும் தாத்தா பாட்டிகளுக்கு வேறொரு கவனமும் தேவை. வயதாகும்போது உணரிகளின் வேகம் குறைகிறது; சில மருந்துகளும் அழுத்தத்தை இறக்குகின்றன. இரவில் கழிவறைக்குப் போகப் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால், தலை சுற்றிக் கீழே விழக்கூடும். முதலில் எழுந்து கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். காலை ஆட்டிவிட்டுப் பிறகு எழுந்து நடக்கட்டும். "தலை சுத்துது" என்று சொல்லி அவர்களே மருந்தை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் சொன்னால் மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்றிக் கொடுப்பார்.

மீண்டும் சபைகூடலுக்கு

இனி அந்த மாணவியின் கதைக்கு விடை சொல்லிவிடலாம். அவர் அசையாமல் நின்றார். கால் தசைகள் சுருங்கினால்தான் சிரைகள் அமுக்கப்பட்டு இரத்தம் மேலேறும். அசையாமல் நின்றதால் அது நடக்கவில்லை. வெயிலில் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்தன. வியர்வையில் நீர் போயிற்று. காலையில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உணரிகள் தம்மால் முடிந்தவரை ஈடுகொடுத்தன. ஒரு கட்டத்தில் கட்டுப்பாடு தலைகீழானது. வேகஸ் நரம்பு இதயத்தைத் திடீரென்று மெதுவாக்கியது. இறுகியிருந்த குழாய்கள் தளர்ந்தன. அழுத்தம் சரிந்தது. மூளைக்கு இரத்தம் போதவில்லை. விழுந்தார்.

கீழே விழுந்ததும் தலையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டன. அந்த 30 சென்டிமீட்டர் ஏற்றம் இல்லாமல் போனது. மூளைக்கு இரத்தம் திரும்பியது. தோழிகள் தூக்கி நிறுத்தியது அன்பினால்தான். ஆனால் மூளைக்குத் தேவையான இரத்தத்தை அது தடுத்தது.

ஆகவே யாராவது மயங்கினால் தூக்கி நிறுத்தாதீர்கள். நாற்காலியிலும் உட்கார வைக்காதீர்கள். மல்லாக்கப் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். இறுக்கமான கழுத்துப் பட்டனையும் டையையும் தளர்த்துங்கள். சுற்றிக் கூட்டம் சேராமல் காற்று வரட்டும். நன்றாக விழிப்பு வரும்வரை வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒன்றிரண்டு நிமிடத்தில் நினைவு திரும்பாவிட்டாலும், ஓடி விளையாடும்போதே மயங்கி விழுந்தாலும், நெஞ்சுவலி இருந்தாலும் உடனே 999ஐ அழையுங்கள். மூச்சு இல்லையென்றால் அது மயக்கம் அல்ல. உடனே அழைத்துவிட்டு, பயிற்சி பெற்றவர் இருந்தால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும்.

உங்களுக்கே கண் இருட்டிக்கொண்டு வருவது போலிருந்தால் வெட்கப்படாமல் உட்கார்ந்துவிடுங்கள். நீண்ட நேரம் நிற்க வேண்டியிருந்தால் குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். தொடைத் தசையை இறுக்கி விடுங்கள். சீருடை இயக்க அணிவகுப்பில் விறைப்பாக நிற்கும்போதுகூட, காலணிக்குள் விரல்களை அசைக்கலாம், யாருக்கும் தெரியாது.

செய்து பாருங்கள்

தேவையானவை: ஒரு கடிகாரம், ஒரு நண்பர், ஒரு பாய். பாயில் ஐந்து நிமிடம் அசையாமல் படுத்திருங்கள். நண்பர் உங்கள் மணிக்கட்டில் நாடியை 30 நொடி எண்ணி, இரண்டால் பெருக்கிக் குறித்துக்கொள்ளட்டும். (கழுத்தில் அல்ல, மணிக்கட்டில்.) இப்போது எழுந்து நில்லுங்கள். எழுந்த உடனே 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். எழுந்ததும் துடிப்பு நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை கூடுவது வழக்கம். முதல் நாளில் வந்த எண்களையும், காலையில் தண்ணீர் குடித்துவிட்டு வந்த நாளின் எண்களையும் ஒப்பிட்டு ஒரு வரைபடம் வரையுங்கள். தலை சுற்றினால் சோதனையை நிறுத்திவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வரைபடத்தில் கோடு மேலேறும் இடம்தான் உங்கள் கழுத்துக் காவலாளி வேலை செய்த நேரம். இன்று மாலை வீட்டில் அப்பா அம்மாவின் நாடியையும் எண்ணிப் பாருங்கள். அப்படியே, "கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டும் வையுங்கள்.